சங்கத்தை விட்டு விலகுவதாக மச்சானுக்கு எழுதிக் கொடுத்தது

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்கிறோம், நலம் என்றால் யாருக்கும் காய்ச்சல் இல்லை என்ற அளவில். அங்கே உங்கள் மூட்டுவலியும் வியாபாரமும் எப்படி இருக்கின்றன? முதலாவது இறங்கியும் இரண்டாவது ஏறியும் இருக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய விருப்பம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை காலியாக இருப்பதாகவும், அதை வெளி ஆளுக்குக் கொடுப்பதைவிடத் தங்கை வீட்டுக்காரருக்கே கொடுக்கலாம் என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆனால் அதற்கு முன்னால், நான் தொழிற்சங்கத்தை விட்டு விலகிவிட்டேன், காரணம் இன்னது, உங்கள் கிடங்கில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரிடம் சங்கம் என்ற பேச்சையே எடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், நாலு வரி போதும் என்றும் சொல்லியிருந்தீர்கள். மச்சான், நான் பதினான்கு வருஷமாகச் சங்கச் செயலாளர். நாலு வரியில் நான் எதையும் எழுதியது கிடையாது. மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியபோதுகூட, 'மேற்படி பிரச்சினையைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறோம்' என்று ஆரம்பித்து, ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அடுத்த கட்ட நடவடிக்கை பற்றி முடிவெடுக்கப்படும் என்று முடித்திருந்தேன். வகுப்பு டீச்சர் பயந்துபோய் ஆறாவது நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலகிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை காலை உங்கள் கிடங்கு வாசலில் நிற்பேன். காரணம் கேட்டீர்கள் அல்லவா, சுருக்கமாகச் சொன்னால் காரணம் நான்தான். விரிவாகச் சொன்னால் பின்வருமாறு.

எங்கள் தொழிற்சாலையில் ஜிப் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் எல்லோரிடமும் 'என் தங்கச்சி வீட்டுக்காரர் இன்ஜினியர்' என்று சொல்லி வைத்திருப்பது எனக்கும் தெரியும். நான் பித்தளைக் கம்பியைப் பல்லாக வெட்டி நாடாவில் பதிக்கிற மெஷினை ஓட்டுகிறவன், இருபத்தாறு வருஷமாக அது ஒன்றுதான். பழைய முதலாளி இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை இல்லை என்றால், வருஷம் முழுக்கப் பிரச்சினை இருந்தது, ஆனால் ஆள் கண்ணுக்குத் தெரிந்தார். அவர் கத்துவார், நாங்கள் கத்துவோம், அவருக்கு ரத்தக்கொதிப்பு ஏறும், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். போன வருஷம் அவர் கம்பெனியை விற்றுவிட்டார். வாங்கியது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குச் சொந்தம். அது ஏதோ ஒரு நிதிக்குச் சொந்தம். அந்த நிதி யாருடையது என்று எங்கள் பொருளாளர் மூன்று வாரம் கம்ப்யூட்டரில் தோண்டித் துருவிப் பார்த்ததில், எங்கேயோ ஒரு தேசத்து ரிட்டயர்டு வாத்தியார்கள் தங்கள் பென்ஷனுக்காகச் சேர்த்து வைத்தது என்று தெரிந்தது. அதாவது இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு முதலாளி யார் என்றால், வயதான வாத்தியார்கள். இவர்களுக்கு எதிராக எப்படி மச்சான் கோஷம் போடுவது?

இருந்தாலும் போட்டோம். தொழிற்சாலையை மூடப்போகிறார்கள், மெஷின்களைக் கூலி குறைவாக இருக்கிற வேறு நாட்டுக்குக் கொண்டுபோகப்போகிறார்கள், முதல் லைன் உடனே, இரண்டாவது லைன் ஆறு மாதம் கழித்து என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே வாசலில் கூட்டம் போட்டேன். 'முதலாளியே வெளியே வா' என்று நான் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டோம். கடைசியில் மேனேஜர் வெளியே வந்தார். வந்தவர் என் காதருகே குனிந்து, "நானும் அவரைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க பாத்தா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்கு கான்ட்ராக்ட் முடியப்போகுது" என்றார். அதோடு விட்டாரா, மேனேஜர்கள் சங்கத்தில் சேர வழி இருக்கிறதா என்றும் கேட்டார். நான் கையில் கொடியோடு நின்றுகொண்டு அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன்.

அடுத்து உருவபொம்மை எரிப்பது என்று முடிவாயிற்று. முகம் தெரியாத ஆளுக்கு முகம் எப்படி வரைவது? கண்ணாடி போட்டு, மீசை வைத்து, பொதுவாக ஒரு முகம் வரைந்தார்கள். சட்டை வேண்டும் என்றார்கள், உங்கள் தங்கையிடம் கேட்டு என் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. உங்கள் தங்கை அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, அவங்க ஏன் உங்களப் போட்டு எரிக்கிறாங்க?" என்று கேட்டாள். நான் விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் உறவுக்காரர்கள் மூன்று பேர் போன் செய்து விசாரித்துவிட்டார்கள். அதில் ஒருவர் உங்கள் சின்ன மாமா, அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு நான் அந்த வாத்தியார்களுக்கே ஒரு கடிதம் எழுதினேன். பதினோரு பக்கம். எங்கள் கஷ்டத்தையெல்லாம் கொட்டி, பொருளாளரின் மகளை விட்டு மொழிபெயர்த்து அனுப்பினோம். மச்சான், பதில் வந்தது. ரிட்டயர்டு பூகோள டீச்சர் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் கடிதத்தைப் படித்து மிகவும் வருந்தியதாகவும், தங்கள் பணத்தில் இப்படி நடப்பது தங்களுக்கே தெரியாது என்றும், தங்கள் பென்ஷனையும் இந்த வருஷம் குறைத்துவிட்டார்கள் என்றும், இதை எப்படி எதிர்த்துப் போராடுவது என்று அனுபவமுள்ள எங்களைப் போன்றவர்கள் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் கேட்டிருந்தார். முதலாளியிடமிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் அதுதான். கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். பின்னால் ஒருவர், "பாவம், அவங்களுக்கு வேணா நம்ம ஒரு நாள் உண்ணாவிரதம் இருப்போமா?" என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இவ்வளவும் சும்மா. நான் விலகியதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது. முதல் லைன் மெஷின்களை அனுப்புவதற்கு முன்னால், அவற்றை ஓட்டக் கற்றுக்கொள்ள அந்த நாட்டிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். மூன்று வாரம். நாங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அதாவது நம் வேலையை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு, எப்படி எடுக்க வேண்டும் என்று நாமே சொல்லித்தர வேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே தீர்மானம் எழுதினேன். 'எதையும் கற்றுக்கொடுக்கக் கூடாது, கேட்டால் தப்பாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், மீறுகிறவர்கள் மீது சங்கம் நடவடிக்கை எடுக்கும்.' நானே முன்மொழிந்து நானே அரைமணி நேரம் பேசினேன். ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் வேறு.

என்னிடம் வந்து சேர்ந்தது நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். எப்போதும் கையில் குடை. ஷெட்டுக்குள்ளேயும் குடையோடுதான் வருவார், மெஷின் கைப்பிடியில் மாட்டிவைப்பார், அதனால் நாங்கள் குடையம்மா என்று பெயர் வைத்தோம். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. மொழிபெயர்க்க ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மனிதர், அவரும் தேடும்போதெல்லாம் வேறெங்கோ இருப்பார். இந்த மாதிரி ஆளைக் குழப்புவதற்கு ஒரு திறமையும் வேண்டாம் என்று நினைத்தேன். முதல் நாள், கம்பியை எந்தப் பக்கத்திலிருந்து கோக்க வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டினேன். அந்த அம்மாள் தலையாட்டிவிட்டு அப்படியே கோத்தார். மெஷினை ஓடவிட்டார். பல் கோணல் கோணலாக விழுந்தது. அது பரவாயில்லை. ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே மச்சான், இருபத்தாறு வருஷமாக ஒரே சீராகக் கேட்ட சத்தம் அப்படிக் கரகரவென்று இழுத்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். ஐந்து நிமிஷம் தாக்குப்பிடித்தேன். ஆறாவது நிமிஷம் எழுந்து போய் மெஷினை நிறுத்தி, கம்பியைப் பிடுங்கிச் சரியாகக் கோத்துவிட்டேன். சரி, இது ஒன்றோடு போகட்டும் என்று நினைத்தேன். அவர் ஸ்பேனரை அடியில் பிடிப்பதைப் பார்த்தேன், பொறுக்கவில்லை. எண்ணெய் அதிகமாக விட்டதைப் பார்த்தேன், திட்டினேன். இரண்டாவது வாரம் அவர் எண்ணெய்த் துணியை மெஷின் மேலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனதற்காக நான் அவரோடு ஒரு வேளை பேசவில்லை. மூன்றாவது வாரம் என் மெஷின் அவர் கையில் என்னிடம் ஓடியதைவிட நன்றாக ஓடியது. நானே முதுகில் தட்டிக்கொடுக்காத குறையாக, 'சபாஷ்' என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் தீர்மானம் ஞாபகம் வந்தது.

என் ஒருவனுக்குத்தான் இப்படி என்று குற்ற உணர்ச்சியோடு நிர்வாகக் குழுவைக் கூட்டினேன். பார்த்தால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாயம் போடுகிறவர் முதலில் வாயைத் திறந்தார். "தப்பு தப்பா கலக்கிறத பாத்துக்கிட்டு எப்படி நிக்கிறது சொல்லுங்க? நல்ல நீலம். மனசு கேக்கல, சொல்லிக்குடுத்துட்டேன்." பேக்கிங் அக்கா ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதியே கொடுத்திருக்கிறார், படம் போட்டு. விசாரித்துப் பார்த்ததில் தீர்மானத்தைக் கடைசிவரை மீறாமல் இருந்தவர் ஒரே ஒருவர், நாங்கள் பெஞ்சு என்று கூப்பிடுகிறவர். அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருப்பார். அவரிடம் வந்தவருக்கு எல்லாவற்றையும் தப்பாகவே சொல்லிக்கொடுத்திருந்தார், ஏனென்றால் அவருக்கும் அவ்வளவுதான் தெரியும். சங்கக் கட்டுப்பாட்டைக் காத்ததற்காக அவருக்குப் பாராட்டுத் தெரிவித்து மினிட் புத்தகத்தில் எழுதினோம். அதில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினை ஓடவிடுவதானாலும் ஓட்டுகிறவர் முதலில் 'கை' என்று சத்தம் கொடுப்பார். பக்கத்தில் இருக்கிற அத்தனை பேரும் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாக் கையையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்துவார். இது எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும், என் இடது கையில் இரண்டு விரல் போனபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, "எட்டு விரலோட எவன் பொண்ணு குடுப்பான், நல்லவேளை நாங்க முன்னாடியே குடுத்துட்டோம்" என்று சொன்னவர் நீங்கள்தானே. நான் உள்ளே கையை விட்டிருந்தது தெரியாமல் அந்தப் பக்கம் நின்றவர் பட்டனை அழுத்திவிட்டார். நான் படுத்திருந்த பத்தொன்பது நாளும் இங்கே ஸ்ட்ரைக் நடந்து, அதற்குப் பிறகு வந்தது இந்த வழக்கம். அதற்கு முன்னால் நான் சங்கத்துக்குச் சந்தாகூடக் கட்டியதில்லை.

குடையம்மா இந்தக் கை தூக்குவதைப் பார்த்துவிட்டு எதற்கு என்று ஜாடையில் கேட்டார். மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து வந்து இருபது நிமிஷம் பேசினேன். விரல் போனது, ஸ்ட்ரைக், போலீஸ், பட்டினி, பத்தொன்பதாம் நாள் என்று ஒன்று விடவில்லை. அவர் நான்கே வார்த்தையில் மொழிபெயர்த்தார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "பழைய பழக்கம், கண்டுக்காதீங்கன்னு சொன்னேன்" என்றார். அந்த அம்மாள் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அவ்வளவுதான்.

கடைசிக் கேவலத்தையும் கேட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் முதல் லைன் ஆட்களை இரண்டாவது லைனில் சேர்த்துவிட்டு, முதல் லைன் மெஷின்களைப் பெட்டியில் அடைத்து லாரியில் ஏற்றினார்கள். நாங்கள் கொடி பிடித்து மௌனமாக நிற்பது என்று முடிவு. லாரிக்காரர் புதியவர், எங்கள் கேட் குறுகல், பின்னால் வந்தால் தூணில் இடிக்கும். அவர் இரண்டு தடவை முயன்றார், இரண்டு தடவையும் இடிக்கப் பார்த்தார். உள்ளே இருப்பது என் மெஷின். கொடியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்று, 'வரலாம், வரலாம், ஒடிச்சு வாங்க, போதும்' என்று நானே கைகாட்டி வெளியே அனுப்பிவைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம், "இனிமேல் நான் செயலாளராக இருக்க லாயக்கு இல்லை" என்றேன். அவள், "காப்பி வேணுமா?" என்றாள். மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். புதிய ஆள் கிடைக்கிறவரை அதை ஏற்றுக்கொள்வதா என்பதைப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைத்திருக்கிறார்கள். துணைக்குழு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா, நானே எத்தனை அமைத்திருக்கிறேன்.

ஆகவே, மேற்கண்ட காரணங்களால் நான் தொழிற்சங்கத்திலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய தூண்டுதலும் இன்றி விலகிவிட்டேன் என்றும், தங்கள் கிடங்கில் பணியாற்றும் பன்னிரண்டு பேரிடமும் சங்கம் பற்றி வாய்திறக்க மாட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன். இந்த உலகத்தில் சரக்கு எங்கே வேண்டுமானாலும் போகும், பணம் எங்கே வேண்டுமானாலும் போகும், மெஷினும் போகும், என்னைப் போன்றவன் மட்டும் கேட் வாசலில் நின்று வழி காட்டிக்கொண்டிருப்பான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் பல வருஷமாக இதைத்தான் சொன்னீர்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மச்சான்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோரும் நோயில்லாமல், கடன் இல்லாமல், கவலை இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்
(முன்னாள் செயலாளர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி ஐந்து நாளாகிறது. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், இப்போது பிரித்து எழுதுகிறேன். முந்தாநாள் அந்த மொழிபெயர்ப்பாளர் போன் செய்தார், பக்கத்தில் குடையம்மா. அங்கே புது மேனேஜர், இந்தக் கை தூக்குகிற வேலையெல்லாம் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் வீணாகிறது என்று உத்தரவு போட்டாராம். இந்த அம்மாள் மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். கூட வந்திருந்த ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள், பிறகு மொத்த ஷெட்டும். ஒன்பது நாளாகிறது. அங்கே சங்கம் கிடையாது, அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் என்னைக் கேட்கிறார்கள். விலகியவன் நான், சொல்லக் கூடாதுதான். ஒரு மணி நேரம் சொன்னேன்.

நேற்றுக் காலை எங்கள் மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தார். அவசர ஆர்டர், இரண்டாவது லைன் இரண்டு ஷிஃப்டும் ஓட வேண்டும், ஓவர்டைம் உண்டு, தொழிற்சாலையை மூடுவதை ஒரு வருஷம் தள்ளிவைக்கிறார்கள், எழுத்தில் தருகிறார்கள் என்றார். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவு வந்தது மகளின் படிப்பு, அடுத்தது நீங்கள் கேட்ட இந்தக் கடிதத்தை இனி அனுப்ப வேண்டாம் என்ற நிம்மதி. அது அவர்கள் செய்ய மறுத்து உட்கார்ந்திருக்கிற அதே ஆர்டர் என்பது மூன்றாவதாகத்தான் உறைத்தது. நாங்கள் செய்து கொடுத்தால் ஒரு வாரத்தில் அவர்கள் தோற்றுவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் பொதுக்குழு. மூன்று நிமிஷம் பேசினேன், என் வாழ்க்கையிலேயே குறைவாகப் பேசியது நேற்றுதான். பேக்கிங் அக்கா எழுந்து, "நம்ம வேலையத் தூக்கிட்டுப் போனவங்களுக்காக நாம ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாயக்காரர்தான், "அவங்களும் நம்மள மாதிரி வேலைக்கு வந்தவங்க. இன்னிக்கு அவங்க தோத்தா, அடுத்த வருஷம் அவங்கள விடக் கம்மிக் கூலியில ஓட்ட இன்னொரு ஊரு. அப்பவும் நாம இங்க இருக்கப்போறதில்ல" என்றார். ரகசிய ஓட்டு வைத்தோம். வழக்கமான ஷிஃப்டுக்கு மேல் ஒரு ஜிப்கூடச் செய்வதில்லை என்பதற்கு நூற்றுப் பதினெட்டு, செய்யலாம் என்பதற்குத் தொண்ணூற்றொன்று, செல்லாதது மூன்று. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் சொன்னதும் அவள் சிரித்தாள், இந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள்.

பதினான்கு வருஷமாக வேலை கொடு, வேலை கொடு என்று கத்தியவர்கள், கம்பெனியே கெஞ்சிக் கொடுக்கும்போது வேண்டாம் என்கிறோம், புத்தியுள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். பழைய தேதியிலேயே மூடிவிடுவார்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார், மூடினாலும் மூடுவார்கள். ஆகவே திங்கட்கிழமை என்னால் வர முடியாது, அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூடிய பிறகு ஒரு நாள் உங்கள் வாசலில் வந்து நிற்பேன், அதற்கு எனக்கு வெட்கமில்லை. மூட்டை தூக்கச் சொன்னாலும் தூக்குவேன். ஆனால் அன்றைக்கு இப்படி எழுதிக் கொடு என்று மட்டும் கேட்காதீர்கள் மச்சான். இதை எழுதியதிலிருந்து நேற்றுச் சாயங்காலம் வரை நான் உங்கள் தங்கை முகத்தை நேராகப் பார்க்கவில்லை.